பூஜ்ஜியத்தில் எட்டு

அண்ணி வாணலியில் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் ஒரு கண்ணை நாத்தனார் மேல் வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள்.

"ஏதாவது சொல்லப்போறியா?"

"நான் வாயே திறக்கலையே அண்ணி."

"வாய் திறக்கல. ஆனா அந்தப் பார்வை இருக்கே, போலீஸ் நாய் பெட்டியை மோந்து பார்க்கிற மாதிரி."

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தான். நாத்தனாரும் சிரித்தாள். அவள் அந்த வீட்டின் மாடியில் குடியிருந்தாள். காலைச் சாப்பாடு மட்டும் கீழே. சமையல் எண்ணெய்களில் களைக்கொல்லி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ஆய்வகத்தில் ஏழு வருடமாக வேலை. எதையும் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடும் அளவுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது.

"உங்க லேப்ல ஒண்ணுமே கலக்காத எண்ணெய் ஒரு டின் இருக்குன்னு சொன்னியே," அண்ணி வெங்காயத்தைக் கொட்டினாள். "அதுல ஒரு டம்ளர் கொண்டு வந்தா குடியா முழுகிடும்?"

"அது சமைக்கிறதுக்கு இல்ல அண்ணி. அளக்கிறதுக்கு."

"அளக்கிறதுக்கு நல்ல எண்ணெய், திங்கிறதுக்குக் கடை எண்ணெய். நல்லா இருக்குடியம்மா உங்க நியாயம்."

இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். அந்த டின்னைப் பற்றிக் கேள்விப்பட்ட யாரும் இதைக் கேட்காமல் விட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டிருக்கிறார். பல் டாக்டர், அவள் வாயைத் திறந்து வைத்திருந்தபோதே கேட்டிருக்கிறார்.

ஆய்வகத்தில் அதற்கு ஜீரோ டின் என்று பெயர். எண்ணெயில் களைக்கொல்லி எவ்வளவு இருக்கிறது என்று இயந்திரம் தானாகச் சொல்லிவிடாது. முதலில் அதற்குப் பாடம் நடத்த வேண்டும். ஒன்றுமே இல்லாத எண்ணெயை ஐந்து குழாய்களில் எடுக்க வேண்டும். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்ற நான்கிலும் பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று கணக்காகக் களைக்கொல்லியைச் சேர்த்து, இது பூஜ்ஜியம், இது பத்து, இது இருபது என்று வரிசையாகக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் வெளியிலிருந்து வந்த எண்ணெயைக் கொடுத்து, இது எவ்வளவு என்று கேட்கலாம். அந்த எண்கள் எல்லாம் ஒரு கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோகிராம்.

ஆக, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த ஒன்றுமில்லாத எண்ணெய். அது லேசில் கிடைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டு இடங்களிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் வாங்கிச் சோதித்து, ஒன்றே ஒன்று தேறியது. அதில் பதினைந்து கிலோ டின் ஒன்றை வாங்கிப் பூட்டி வைத்தார்கள்.

அன்று காலை அவள் ஆய்வகத்துக்குள் நுழையும்போது வரவேற்பறை நாற்காலியில் டேங்கர்காரர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே வந்த ஆள். இருபது டன் சூரியகாந்தி எண்ணெய் வாசலில் நிற்கிறது. பிஸ்கட் கம்பெனி ஒன்று அதை வாங்கக் காத்திருக்கிறது. எண்ணெயில் களைக்கொல்லி ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்த வரம்பு.

"என்ன மேடம், குழந்தை ஆணா பொண்ணா?"

"மத்தியானம் சொல்றேன்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. பிரசவமே இத்தனை நேரம் ஆகாது."

உள்ளே மெஷின் அண்ணன் தாளை நீட்டினார். இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். பாதி வாழ்க்கையை அதன் முன்னால் உட்கார்ந்தே கழித்ததால் அதன் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி வீட்டிலும் கத்துகிறார் என்று அவர் மனைவி புகார் சொல்வதுண்டு.

"நாற்பத்தாறு! பாஸ்! கையெழுத்தைப் போட்டு அந்த ஆளை அனுப்பும்மா. என் டீயையும் சேர்த்துக் குடிக்கிறாரு."

நாற்பத்தாறு, ஐம்பதுக்குள்தான். ஆனால் விளிம்பில் நிற்கும் எண்ணை அவள் அப்படியே நம்புவதில்லை. இயந்திரம் தீட்டியிருந்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். இந்தக் களைக்கொல்லிக்கு ஆய்வகத்தில் மஞ்சள்காரன் என்று பெயர். சுத்தமான வடிவத்தில் அது ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூளாக இருக்கும். இயந்திரத்தில் ஏற்றினால் ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்தில் வெளியே வரும்; பதினோரு நிமிடம் நாற்பது விநாடிக்கு மஞ்சள்காரன் வருவான். எண்ணெயில் எவ்வளவு இருக்கிறானோ அவ்வளவு உயரத்துக்குக் கோடு மேலே எழும்பி இறங்கும். நூறு என்று காட்டியதில் மலை. பத்தில் சிறு குன்று. கடைசியாக, பழக்க தோஷத்தில், பூஜ்ஜியத்தின் படத்தையும் திறந்து பெரிதாக்கினாள்.

பதினோரு நிமிடம் நாற்பது விநாடியில் ஒரு மேடு.

இன்னும் பெரிதாக்கினாள். மேடு மேடாகவே இருந்தது.

"அண்ணே, இங்க வாங்க. ஒண்ணும் இல்லாத இடத்துல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

அவர் குனிந்து பார்த்தார். "எட்டு இருக்கும். பத்துக்குக் கீழ கண்டுக்க வேணாம்னு நம்ம ரூலே இருக்கே. சாஃப்ட்வேரே விட்டுடுதுல்ல?"

"சாஃப்ட்வேர் விடும். ஆனா இது பூஜ்ஜியம் அண்ணே. பூஜ்ஜியத்துல எட்டு இருந்தா நாம பத்துன்னு காட்டினது பதினெட்டு. ஐம்பதுன்னு காட்டினது ஐம்பத்தெட்டு. அப்ப இந்த நாற்பத்தாறு?"

அவர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். "ஐம்பத்தி நாலு," என்றார், முதல் முறையாகக் கத்தாமல்.

தராசுக் கடைக்காரனின் படிக்கல் கனத்துப்போனால் எல்லாச் சரக்கும் இளைத்துத்தான் தெரியும். அதே கதை. எண்ணெய் நல்லதாகத் தெரிந்தது, அவர்களுடைய 'நல்லது' கெட்டுப்போயிருந்ததால்.

அவள் பழைய படங்களைத் தேடினாள். மூன்று வாரத்துக்கு முந்தைய பூஜ்ஜியங்கள் எல்லாம் தரைபோல் தட்டையாகக் கிடந்தன. அதன் பிறகு வந்த ஒவ்வொன்றிலும் அதே மேடு. அந்த மூன்று வாரத்தில் பதினோரு அறிக்கைகள் போயிருந்தன. பதினொன்றிலும் அவள் கையெழுத்து. அவை விளிம்பில் நிற்காததால் அவள் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பெயர் மட்டும் பூதக்கண்ணாடி.

அவள் வெளியே போய் டேங்கர்காரரிடம் இன்றைக்கு முடியாது என்றாள்.

"ஏன் மேடம், எண்ணெய்ல கோளாறா?"

"எண்ணெய்லயா எங்ககிட்டயான்னு தெரியல. அதைத்தான் பார்க்கணும்."

அவர் மடக்கிய காலைக் கீழே போட்டு எழுந்தார். "இப்படிப் பேசற ஆபீஸை நான் பார்த்ததே இல்ல," என்று சொல்லிவிட்டு, வண்டியில் படுக்கப் போனார்.

மேடு எங்கிருந்து வந்தது? முதலில், எண்ணெயைக் கலக்கும் கரைப்பானை மட்டும் இயந்திரத்தில் ஓட்டினார்கள். தட்டை. எண்ணெயை உள்ளே செலுத்தும் ஊசியை மாற்றி ஓட்டினார்கள். மேடு. முந்தின ஓட்டத்தின் மிச்சமோ என்று இயந்திரத்தை நடுவில் மூன்று முறை கழுவிவிட்டு ஓட்டினார்கள். மேடு அசையவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"கண்ணாடிக் குழாய் கழுவறதுலதான் ஏதோ," என்றார் மெஷின் அண்ணன்.

கழுவும் தொட்டி பக்கத்து அறையில்தான் இருந்தது. அங்கே கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அக்காவுக்குக் காது கூர்மை. ரப்பர் கையுறையோடு வந்து வாசலில் நின்றார்.

"யாரு கழுவறது சரியில்ல? சொல்லுங்க, கேட்கிறேன். நான் கழுவுற குழாய்ல உங்க முகத்தைப் பார்த்துச் சவரம் பண்ணலாம்."

"அக்கா, நான் சும்மா..."

"சும்மாதான் எல்லாரும் பழி போடறது. நீங்க டீ குடிச்ச கப்பை நாலு நாளா கழுவாம வச்சிருக்கீங்க, நீங்க என்னைச் சொல்றீங்க."

புதிதாக உறை பிரித்த குழாய்களில் செய்து பார்த்தார்கள். அதிலும் மேடு இருந்தது. அக்கா வென்றார். வென்றதோடு நிற்காமல், போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"சுத்தம் பத்திப் பேசறீங்களே, அந்த ஜீரோ டின்னைப் போய்ப் பாருங்க. எப்பவும் மூடியைச் சுத்தி எண்ணெய் வழிஞ்சு பிசுபிசுன்னு கிடக்கும். மூணு வாரமா துடைச்சுப் பளபளன்னு இருக்கு. நான் துடைக்கல. நீங்க ரெண்டு பேரும் துடைக்கிற ஜாதியும் இல்ல. பின்ன யாரு?"

அவள் உடனே பூட்டைத் திறக்கப் போனாள்.

டின்னைத் தூக்கி வந்து தராசில் வைத்தாள். காலி டின்னின் எடை அதன் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருந்தது. அதைக் கழித்தாள். பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் எடுத்த எண்ணெய் கிராம் கணக்கில் இருந்தது. பாக்கி இருக்க வேண்டியது ஐயாயிரத்து எண்ணூற்றெழுபது கிராம். தராசு காட்டியது ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.

"அறுபது கிராம்தானே? பரவாயில்லையே, குறையல," என்றார் மெஷின் அண்ணன்.

"குறையணும் அண்ணே!"

ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கரண்டியில் கொஞ்சம், புனலில் கொஞ்சம், மூடியில் கொஞ்சம் ஒட்டும். அதைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. அதனால் போன இரண்டு முறை சரிபார்த்தபோதும் டின் பதிவேட்டைவிட முப்பது, நாற்பது கிராம் இளைத்தே இருந்தது. எண்ணெய் பூசிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள். இங்கே எண்ணெயே ஒட்டிக்கொண்டு போய்விடும். திருடினால் குறையும். சிந்தினால் குறையும். கூடுவதற்கு ஒரே வழிதான் உண்டு.

"யாரோ ஊத்தியிருக்காங்க," என்றாள்.

"எண்ணெயைத் திருடுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். யாராவது வந்து தானம் பண்ணிட்டுப் போவாங்களா?"

அவளுக்குச் சட்டென்று அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு டம்ளர் கொண்டு வந்தா குடியா முழுகிடும்? எடுத்தவர் யாரோ நாணயமானவர். எடுத்த அளவுக்குத் திரும்ப ஊற்றியிருக்கிறார். குறைந்துவிடக் கூடாதே என்று கொஞ்சம் கூடவே ஊற்றியிருக்கிறார். வழிந்ததைத் துடைத்தும் வைத்திருக்கிறார்.

டின்னைத் திறந்த முதல் நாளே அதிலிருந்து ஒரு சிறு குப்பியை நிரப்பி உறைபெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். என்றைக்காவது சந்தேகம் வந்தால் ஒப்பிட. அந்த என்றைக்காவது வந்துவிட்டது. குப்பியைத் தேடி எடுத்து, பனியைத் துடைத்து, இளக வைத்தாள். அதில் இருந்தது ஐந்து குழாய்களுக்குப் போதும். கரைப்பானில் குலுக்கி, கொழுப்பு கட்டியாகித் தனியே ஒதுங்கட்டும் என்று உறையவிட்டு, மேலே நின்ற தெளிவை எடுத்து இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, பெரிய சாரின் அறைக்குப் போனாள்.

பெரிய சார் ஆய்வகத்தின் தலைவர். முப்பது வருட அனுபவம். ஒரு எண்ணை இரண்டு முறை பார்க்காமல் மூன்றாவது எண்ணுக்குப் போகாதவர். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: மேடு, பதினோரு அறிக்கை, அறுபது கிராம். அக்கா சொன்ன பளபளப்பைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உட்காரும்மா."

அவள் உட்காரவில்லை.

"நான்தான்," என்றார்.

வெளியே கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"பொண்ணு வந்திருக்கா. ஆறு மாசம். முழுகாம இருக்கிறவளுக்கு எந்த எண்ணெய்ல சமைக்கிறதுன்னு உங்க ஆன்ட்டி கேட்டா. கடைக்குப் போய் அலமாரி முன்னாடி நின்னேன். ஒவ்வொரு பாட்டிலைப் பார்க்கும்போதும் நம்பர்தான் தெரியுது. இது முப்பத்திரெண்டு, அது நாற்பத்தொண்ணு. நாம டெஸ்ட் பண்ணாத கம்பெனி ஒண்ணு ரெண்டுதான். கை நீளல எனக்கு." "லீவு நாள்ல வந்து ரெண்டு லிட்டர் எடுத்தேன். சும்மா எடுக்கலம்மா. இருக்கிறதுலயே ஒசத்தியான பாட்டில், இயற்கை விவசாயம்னு இலைப் படம் போட்டது, நம்மகிட்ட டெஸ்ட்டுக்கு வராதது, ரெண்டு வாங்கிட்டு வந்து ஊத்தினேன். சொட்டு விடாம கவிழ்த்துட்டுத்தான் போனேன்."

"அதைச் சோதிச்சுப் பார்த்தீங்களா சார்?"

முப்பது வருடமாக ஊரிலுள்ள எல்லாப் பாட்டிலையும் சந்தேகப்பட்டவர், தன் வீட்டு அடுப்புக்கு எந்த லேபிளையும் நம்பாதவர், ஆய்வகத்து டின்னுக்கு மட்டும் ஒரு லேபிளை நம்பியிருக்கிறார். மகளுக்குக் காட்டிய சந்தேகத்தில் கால்வாசியைக்கூட இயந்திரத்துக்குக் காட்டவில்லை.

"இல்ல," என்றார். பிறகு, ஒரு மாணவனின் குரலில், "எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற?" என்றார்.

அவளுக்குக் கோபம் வர வேண்டிய நேரம் அது. ஆனால் வந்தது கணக்கு. "ரெண்டு லிட்டர்னா டின்ல அப்ப இருந்ததுல முப்பது சதவீதம். கலந்தப்புறம் எட்டு. அப்ப பாட்டில்ல இருபத்தாறு, இருபத்தேழு இருக்கணும் சார்."

"வீட்ல காலி பாட்டில் இருக்கு. அடியில கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும். கொண்டு வரேன்."

மறுநாள் காலை முடிவுகள் மேஜையில் இருந்தன. உறைபெட்டிக் குப்பியின் பூஜ்ஜியம் தட்டையாக, துடைத்த தரைபோல் கிடந்தது. இலைப் படம் போட்ட பாட்டில் இருபத்தேழு. டேங்கர் எண்ணெயை மூன்று முறை ஓட்டியிருந்தார்கள்: ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு, ஐம்பத்தைந்து.

மெஷின் அண்ணன் தாளைத் தட்டினார். "நாலுதானேம்மா கூட? நேத்து நாம கண்ணை மூடியிருந்தா எல்லாருக்கும் நிம்மதி."

"நேத்து தெரியாது அண்ணே. இன்னிக்குத் தெரியும்."

அறிக்கையில் ஐம்பத்துநான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டு, தானே வெளியே எடுத்துப் போனாள். டேங்கர்காரர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நாலு கூடன்னா எவ்வளவு மேடம்? என் கையில காட்டுங்க."

அவள் மனதுக்குள் பெருக்கினாள். "உங்க டேங்கர் முழுக்க சேர்த்தா அந்த மருந்து ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல. ஒரு கிராம் வரைக்கும் விடுவாங்க."

"ஒரு கிராம்னா?"

"ரெண்டு சிட்டிகை உப்பு."

"இருபது டன்னை இழுத்துக்கிட்டு வந்தவன் நான். என்னைத் திருப்பி அனுப்பறது ரெண்டு சிட்டிகையில ஒரு துணுக்கு." அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆலைக்கே கொண்டு போறேன். மறுபடி காய்ச்சி ஆவி விட்டு எடுத்தா குறையும்பாங்க. ஆனா ஒண்ணு மேடம். நேத்து உங்ககிட்டயா கோளாறுன்னு பார்க்கணும்னீங்களே. இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதையும் சேர்த்தே சொல்லிட்டீங்க. சரி, வரேன்."

பதினோரு பழைய அறிக்கைகளையும் திரும்பப் பெறும் கடிதத்தை அவள்தான் எழுதினாள். எட்டைக் கூட்டினால், நாற்பத்துமூன்று என்று போன இரண்டு எண்ணெய்கள் வரம்பைத் தாண்டின. அவற்றை வாங்கியவர்களுக்கு முந்தின நாளே தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'பூஜ்ஜிய எண்ணெய் மாசுபட்டது' என்று எழுதியிருந்தாள். பெரிய சார் கடிதத்தை வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அதற்கு மேலே தன் கையெழுத்தில், 'பூஜ்ஜிய எண்ணெயில் ஆய்வகத் தலைவர் கடை எண்ணெயைச் சோதிக்காமல் கலந்தார்' என்று எழுதினார்.

"மாசு தானா படாது," என்று கடிதத்தை நீட்டினார்.

"பதினொண்ணுலயும் என் கையெழுத்தும் இருக்கு சார். பார்க்காம போட்டது."

"அப்ப அடுத்த வரி உனக்கு," என்றார். அவள் அந்த இடத்திலேயே வாங்கி எழுதினாள்.

இப்போது ஆய்வகத்தில் பூஜ்ஜியம் இல்லை. புதிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். கடைகளிலிருந்து பத்துப் பாட்டில் வாங்குவதோடு, வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் வைத்திருப்பவர்கள் அதிலும் கொஞ்சம் கொண்டு வரலாம் என்று சொன்னார்கள். கழுவும் அக்கா மருந்துச் சீசாவில் கொண்டு வந்தார். அக்கா கழுவிய சீசா என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் அண்ணன் மறந்துவிட்டு வந்தார்.

அண்ணி விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடப்பாவமே. நானாவது வாய்விட்டுக் கேட்டேன். அவர் எடுத்தே போயிட்டாரா? அதுவும் பெத்த பொண்ணுக்காக." "நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனா திரும்ப ஊத்தியிருக்க மாட்டேன். உங்களுக்கு வேலை மிச்சமாயிருக்கும்."

பிறகு தன் எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து ஒரு சிறு குப்பியை நிரப்பி, மூடிமேல் பிளாஸ்டிக் போட்டு, நூலால் இறுக்கிக் கட்டினாள். தேர்வு எழுதப் போகும் பிள்ளையை அனுப்புவதுபோல் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"என்ன வந்தாலும் மறைக்காம சொல்லு. ஆனா அடுப்பு எரியும்போது சொல்லாதே."

பன்னிரண்டு எண்ணெய்களில் அண்ணியின் எண்ணெய் ஒன்பதாவதாக ஏறியது. அதுவரை ஓடிய எட்டில் ஒன்றுகூடத் தட்டையாக வரவில்லை. பெரிய சார் தன் அறையை விட்டு வந்து பின்னால் நின்றார். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். மெஷின் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஒன்பது நிமிடம். பத்து. பதினொன்று.

"யாரும் பேசாதீங்க," என்றார் அக்கா. யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

பதினோரு நிமிடம் முப்பது விநாடி. மஞ்சள்காரனுக்கு இன்னும் பத்து விநாடி. கோடு தட்டையாக வந்துகொண்டிருந்தது. அவள் திரையை நோக்கிக் குனிந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கினாள்.